கையெழுத்துப் போடாத காடு

சத்தீஸ்கரில் பிலாஸ்பூரிலிருந்து அம்பிகாபூர் போகும் நெடுஞ்சாலையில் கட்கோரா வரைக்கும் எல்லாவற்றின் மேலும் கரி படிந்திருக்கிறது. சற்றுத் தள்ளிக் கிழக்கே கோர்பா. கேவ்ரா, குஸ்முண்டா, தீப்கா என்று நாட்டின் மிகப் பெரிய திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்கள் அடுத்தடுத்துக் கிடக்கும் ஊர். அனல்மின் நிலையங்களுக்கும் குறைவில்லை. தேசிய அனல்மின் கழகத்தின் நிலையம் ஒன்று மட்டுமே 2,600 மெகாவாட். தார்ப்பாய் போர்த்திய லாரிகள் இடைவெளியில்லாமல் வருகின்றன. சாலையோரப் புளியமரம், டீக்கடையின் தகரக் கூரை, அதன் நிழலில் கட்டியிருந்த எருமை, மூன்றும் ஒரே நிறத்தில் இருந்தன.

கட்கோராவைத் தாண்டி வடக்கே ஏற ஏறக் காடு வருகிறது. மோர்காவை நெருங்கும்போது இருபுறமும் சால் மரங்கள். நான் போனது 2023 மார்ச் மாதக் கடைசி. பழைய இலையை உதிர்த்த கையோடு சால் புதுத் தளிரும் வெளிர் மஞ்சள் பூவும் விடும் பருவம். வண்டிக் கண்ணாடியை இறக்கியதும் அந்த மணம் உள்ளே வந்தது. சர்குஜா, சூரஜ்பூர், கோர்பா மாவட்டங்களில் ஏறக்குறைய 1,70,000 ஹெக்டேர் பரப்புக்கு விரியும் இந்தக் காட்டுக்கு ஹஸ்தேவ் அரண்யம் என்று பெயர். மத்திய இந்தியாவில் இவ்வளவு தொடர்ச்சியாக மிஞ்சியிருக்கும் காடுகள் அதிகமில்லை. ஹஸ்தேவ் ஆறு இதன் ஊடே இறங்கித்தான் பாங்கோ அணையை நிரப்புகிறது. சமவெளியின் நெல்வயல்களுக்குப் பாய்ந்தபின் மகாநதியில் சேர்கிறது. காட்டுக்கு அடியில் 500 கோடி டன் அளவுக்கு நிலக்கரி இருக்கிறது. இருபதுக்கும் மேற்பட்ட தொகுதிகளாக அதை வரைபடத்தில் பிரித்துவைத்திருக்கிறார்கள்.

என்னோடு வந்தவர் ராய்ப்பூரில் வேலைபார்க்கும் நண்பர். என்னுடைய இந்தி கடையில் பேரம் பேசப் போதும், சத்தீஸ்கரி தெரியாது. இந்தக் கட்டுரையில் வரும் பேச்செல்லாம் அவர் வாய்வழி எனக்கு வந்தது.

உதய்பூரில் நெடுஞ்சாலையை விட்டு விலகி, சால்ஹி வழியாக ஹரிஹர்பூருக்குப் போனோம். ஊருக்கு வெளியே மரக்கொம்புகள் நட்டு, இலையும் தார்ப்பாயும் வேய்ந்த பந்தல். சுரங்கத்துக்கு எதிராக 2022 மார்ச் 2ஆம் தேதி தொடங்கிய தர்ணா ஓராண்டைத் தாண்டி நடந்துகொண்டிருந்தது. ஊர் ஊராக முறை வைத்து வந்து உட்காருகிறார்கள். முறை வரும் ஊர்க்காரர்கள் அரிசியும் பருப்பும் கொண்டுவந்து அங்கேயே பொங்குகிறார்கள். நாங்கள் போன மதியம் முப்பது பேர்போல இருந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். கோண்டுகள் அதிகம், ஓராவ், கன்வர், பாண்டோ பழங்குடியினரும் உண்டு. இரண்டு பேர் சால் இலைகளை மூங்கில் ஈர்க்கால் தைத்துத் தொன்னை செய்துகொண்டிருந்தார்கள். கோஷம் ஏதுமில்லை. வேலை நடக்கிற இடத்தில் போராட்டமும் நடந்துகொண்டிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒரு முதியவரிடம் கேட்டேன்: நிலக்கரியே வேண்டாம் என்கிறீர்களா? அவர் உடனே பதில் சொல்லவில்லை. பீடியை அணைத்து மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "உன் வீட்டுக் கிணற்றை விற்கிறார்கள். விற்கிறவன் ராய்ப்பூரில் இருக்கிறான், வாங்குகிறவன் ஜெய்ப்பூரில் இருக்கிறான். விற்றாகிவிட்டது என்று உனக்குப் பேப்பரில் தெரிகிறது. முதலில் என்னைக் கேள். வேண்டுமா வேண்டாமா என்று அப்புறம் சொல்கிறேன்."

இந்த ஒரு பேச்சுத்தான் அடுத்து நான் போன எல்லா ஊர்களிலும் வேறு வேறு வாயில் வந்தது. ஹஸ்தேவ் போராட்டத்தைக் காடு காக்கும் போராட்டம் என்று மட்டும் எழுதினால் பாதிதான் சொன்னதாகும். கேட்கப்பட வேண்டியவர்களைக் கேட்காமல் காரியம் முடிப்பதற்கு எதிரான போராட்டம் அது. சட்டமும் அவர்கள் பக்கம்தான் இருக்கிறது. சர்குஜா அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணைப் பகுதி. 1996ஆம் ஆண்டின் பெசா சட்டம் இங்கே கிராம சபைக்குத் தனி அதிகாரம் தருகிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டின் மீது ஊராரின் உரிமையை ஒப்புக்கொள்கிறது. காட்டை வேறு காரியத்துக்கு மாற்றுவதென்றால் கிராம சபையின் சம்மதம் வேண்டும். ஒடிசாவின் நியம்கிரி மலையில் 2013இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் செய்யச் சொன்னது. பன்னிரண்டு கிராம சபைகள் கூடின, பன்னிரண்டும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன, மலை நின்றது. நியம்கிரி என்ற பெயர் ஹரிஹர்பூர் பந்தலில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஹஸ்தேவுக்கு அந்த நியாயம் கிடைக்காத கதை நீளமானது. 2010வாக்கில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமும் நிலக்கரி அமைச்சகமும் சேர்ந்து செய்த ஆய்வில் இந்தக் காடு முழுவதும் சுரங்கமே கூடாத பகுதியில் வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, வன ஆலோசனைக் குழு மறுத்ததையும் மீறி, பர்சா கிழக்கு - கெந்தே பாசன் என்ற தொகுதிக்கு அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அனுமதி கொடுத்தார். காட்டின் ஓரத்தில்தானே இருக்கிறது என்பது அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. 2013இல் தோண்ட ஆரம்பித்தார்கள். தொகுதி ராஜஸ்தான் அரசின் மின் உற்பத்தி நிறுவனத்துக்கு உரியது, தோண்டும் ஒப்பந்தம் அதானி குழுமத்துக்கு. 2014இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வன அனுமதியை ரத்துசெய்தது. உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை கொடுத்ததால் வேலை நிற்கவில்லை. முதல் கட்டம் 762 ஹெக்டேர் காடு, இரண்டாவது கட்டம் 1,136 ஹெக்டேர். அதற்குப் பக்கத்தில் பர்சா என்ற புதிய தொகுதி 841 ஹெக்டேர். அதற்கும் பக்கத்தில் கெந்தே விரிவாக்கம். ஓரத்தில் தொடங்கியது உள்ளே வந்துவிட்டது.

2014 கடைசியில் இருபது கிராம சபைகள் கூடி, எங்கள் எல்லைக்குள் நிலக்கரித் தொகுதியை ஏலம் விடாதீர்கள் என்று தீர்மானம் போட்டன. காட்பர்ரா என்ற ஊருக்கு வழங்கிய சமூக வன உரிமைப் பட்டாவை 2016 ஜனவரியில் மாவட்ட நிர்வாகம் ரத்துசெய்தது. அந்த உரிமையைக் காட்டி ஊரார் சுரங்க வேலையைத் தடுக்கிறார்கள் என்று காரணம் எழுதினார்கள். கொடுத்த உரிமையைப் பயன்படுத்தினார்கள் என்பதற்காகவே உரிமையைப் பிடுங்கிய அந்த உத்தரவை, காட்பர்ராவில் ஒருவர் நாலாக மடித்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். மடிப்பில் எழுத்து அழிந்திருந்தது. அவர் படித்துக் காட்டவில்லை, எங்களைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பர்சா தொகுதிக்கான கிராம சபை விவகாரம் இதைவிட மோசம். சால்ஹி, ஹரிஹர்பூர், ஃபதேபூர் ஊர்கள் 2018இல் சம்மதம் தந்ததாகக் காகிதத்தில் இருக்கிறது. அப்படி ஒரு தீர்மானத்தை நாங்கள் நிறைவேற்றவே இல்லை, கூட்டம் முடிந்த பிறகு பதிவேட்டில் சேர்த்தது என்று ஊரார் சொல்கிறார்கள். விசாரிக்கச் சொல்லி எழுதாத அலுவலகம் இல்லை. பதில் வராததால் 2021 அக்டோபர் 4ஆம் தேதி நடக்க ஆரம்பித்தார்கள்.

ஃபதேபூரிலிருந்து ராய்ப்பூர் வரை 300 கிலோமீட்டர். முப்பது ஊர்களைச் சேர்ந்த முந்நூற்றைம்பது பேர். அந்த நடையில் போய்வந்த ஒரு பெண்ணோடு அவர் வீட்டுத் திண்ணையில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். நாற்பது வயதிருக்கும். கால் கொப்புளத்தைப் பற்றிக் கேட்டால் சிரித்தார். கஷ்டம் அதில் இல்லை, மழையில் இருந்தது என்றார். இரவில் பள்ளிக்கூடத் தாழ்வாரங்களில் படுத்தார்கள். சமவெளி ஊர்களில் நெல் அறுப்புக்கு முந்திய வேலை நடந்துகொண்டிருந்ததாம். வயலில் நின்றவர்களிடம் போய், "உங்கள் வாய்க்காலில் வரும் தண்ணீர் எங்கள் காட்டிலிருந்து வருகிறது, அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்" என்று சொல்லிக்கொண்டே போனார்களாம். சில ஊர்களில் சோறு போட்டார்கள், சில ஊர்களில் பேசாமல் பார்த்தார்கள். பத்து நாளில் ராய்ப்பூர். ஆளுநரைப் பார்த்து மனு கொடுத்தார்கள். அவர் கவனிக்கிறேன் என்றார்.

ஊர் திரும்பிக் கால் வலி தீர்வதற்குள், அக்டோபர் 21ஆம் தேதி, பர்சா தொகுதிக்கு மத்திய அரசின் இறுதி வன அனுமதி வந்தது.

அந்தப் பெண்ணிடம் அடுத்து என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவரே தொடர்ந்தார். "வீட்டில் எல்லோரும் அழுதார்கள். நான் பதிவேட்டை எடுத்துவரச் சொன்னேன். எத்தனை பேர் கையெழுத்துப் போட்டதாக இருக்கிறது, அதில் செத்துப்போனவர்கள் எத்தனை பேர் என்று பார்ப்போம் என்றேன்."

மறுநாள் விடியலில் இலுப்பை பொறுக்குகிறவர்களோடு போனேன். இங்கே மஹுவா என்கிறார்கள். நம் ஊர் இலுப்பைக்கு நெருங்கிய உறவு. மரத்தடியில் சருகை முந்தின நாளே கூட்டி எரித்துச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள். இரவெல்லாம் உதிர்ந்த பூ வெளிச்சம் வந்ததும் கண்ணில் படுகிறது. எந்த மரம் எந்த வீட்டுக்கு என்பது வாய்ச்சொல்லாகவே பரம்பரை பரம்பரையாக நிலைத்திருக்கிறது. எண்பதை நெருங்கும் ஒரு பாட்டி குத்தவைத்து உட்கார்ந்து இரண்டு கையாலும் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கினேன். "பேட்டா, நசுக்காதே" என்றார். பூவைக் காயவைத்து விற்றால் வைகாசிச் செலவு நடக்கும். அதற்குள் தெந்து இலை பறிக்கும் பருவம் வந்துவிடும். பிறகு சாரப்பருப்பு, சால் விதை, மழைக்குப் பின் காளான், கிழங்கு. வருஷத்தில் காடு கொடுக்காத மாதம் எது என்று கேட்டேன். யோசித்துப் பார்த்து, அப்படி ஒன்று இல்லை என்றார்.

தெந்து இலை என்றால் பீடி இலை. நான் தென்காசிப் பக்கத்துக்காரன். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றினார்கள். என் அம்மாவும் சித்தியும் சுளகில் இலையையும் தூளையும் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை சுற்றுவார்கள். கடையிலிருந்து வரும் இலைக் கட்டு மத்திய இந்தியக் காடுகளிலிருந்து வருகிறது என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. இலையை நனைத்து, கத்தரியால் வெட்டி, நரம்பு தடவிப் பார்க்கும் அந்த விரல்களுக்கும் இங்கே கொளுத்தும் வெயிலில் அதைப் பறித்து ஐம்பது ஐம்பதாகக் கட்டும் விரல்களுக்கும் நடுவில் எத்தனையோ வியாபாரிகள். பாட்டியிடம் இதைச் சொன்னேன். "உங்கள் ஊரிலும் பெண்களுக்குத்தான் வேலையா?" என்று மட்டும் கேட்டார்.

சுரங்கத்தை மதியம் பார்த்தோம். உள்ளே விடவில்லை, ஊர் எல்லையில் ஒரு மேட்டிலிருந்து தெரியும். படிப்படியாக இறங்கும் பள்ளம், அடியில் எறும்பு அளவில் இயந்திரங்கள், மறுபக்கம் தோண்டிக் கொட்டிய மண் மலை. அந்த மலையில் செடி நட்டிருந்தார்கள். காட்டுக்குப் பதில் காடு வளர்க்கிறோம் என்பதற்கு அதுவே அத்தாட்சியாகக் காட்டப்படுகிறது. சால் நட்டு வளர்க்கச் சிரமமான மரம். தன் காட்டில் தானே முளைத்துத்தான் பெரும்பாலும் வருகிறது. இந்தப் பள்ளம் இருக்குமிடத்தில் கெதே என்று ஓர் ஊர் இருந்தது. ஊர் முழுவதும் போய்விட்டது. குடும்பங்களைப் பெயர்த்து வேறிடத்தில் கட்டிய வீடுகளுக்கு அனுப்பினார்கள். அவர்களில் ஒருவரைச் சந்தித்தேன். சிமென்ட் வீடு நன்றாகத்தான் இருக்கிறது என்றார். வந்த பணம் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை, அவராகவே மோட்டார் சைக்கிள், தங்கை கல்யாணம், மருத்துவச் செலவு என்று விரல் மடக்கினார். பிறகு, "தேவ்தா அங்கேயே இருக்கிறது" என்றார். ஊர்த்தெய்வத்தின் சால் தோப்பைத்தான் சொன்னார். தோப்பும் பள்ளத்தில் போய்விட்டது.

எல்லோரும் ஒரே பக்கம் நிற்கிறார்கள் என்று நான் எழுதினால் அது உண்மையாகாது. சுரங்கத்தில் வேலை கிடைத்த இளைஞர்கள் இருக்கிறார்கள். நிறுவனம் நடத்தும் பள்ளியில் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கிறார்கள். சுரங்கம் வேண்டும் என்று மனு கொடுத்தவர்களும் உண்டு. அண்ணன் தர்ணாவில், தம்பி சுரங்கத்தில் என்று ஒரே முற்றத்தில் இரண்டு சமையல் நடக்கும் வீட்டில் சாப்பிட்டேன். தம்பி என்னிடம் தனியாகச் சொன்னார்: "பையா, காடு போனால் எங்கே போவது என்று அண்ணன் கேட்கிறார். வேலை போனால் எங்கே போவது என்று நான் கேட்கிறேன்." அவருடைய கேள்விக்கும் பதில் வேண்டும். காட்டை வைத்துக்கொண்டே வேலை கிடைக்க வழியில்லை என்று யார் முடிவுசெய்தது என்பதுதான் என் வருத்தம். இலுப்பைக்கும் சால் விதைக்கும் தெந்து இலைக்கும் நல்ல விலையும் இங்கேயே சிறு ஆலைகளும் வந்திருந்தால் அந்தத் தம்பி வேறு மாதிரி பேசியிருப்பார்.

யானைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2021 கணக்கில் இந்தியக் காட்டுயானைகளில் நூற்றில் ஒரு பங்குகூட சத்தீஸ்கரில் இருக்கவில்லை. யானையால் நேரும் மனிதச் சாவுகளில் நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் இந்த மாநிலத்தில் நடந்தது. அந்த ஆண்டு இந்திய வனவுயிர் நிறுவனம் தந்த அறிக்கை இதைச் சொல்லி, இருக்கும் சுரங்கத்துக்கு மேல் ஹஸ்தேவில் இனித் தோண்டக் கூடாது, தோண்டினால் இந்த மோதல் கட்டுக்கடங்காமல் போகும் என்று எச்சரித்தது. மோர்காவுக்கு அருகில் நாங்கள் தங்கிய ஊரில் சாயங்காலம் ஆறு மணிக்குமேல் யாரும் தனியாக வெளியே போவதில்லை. இலுப்பை காயும் முற்றத்தைத் தேடி யானை வரும். இரவெல்லாம் ஆள் மாற்றி ஆள் விழித்திருந்தார்கள்.

உதய்பூருக்குப் பக்கத்தில் ராம்கட் குன்று இருக்கிறது. சீதாபெங்கரா, ஜோகிமாரா என்று இரண்டு குகைகள். ஜோகிமாராவில் சுதனுகா என்ற தேவதாசியையும் தேவதின்னன் என்ற கலைஞனையும் பற்றிய பிராமிக் கல்வெட்டு உண்டு. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பழையது. சுவரில் மங்கிய ஓவியங்கள். காளிதாசனின் யட்சன் மேகத்தைத் தூது அனுப்பிய குன்று இதுவே என்று சர்குஜாக்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். சுரங்கத்தில் வெடி வைக்கும்போது குன்று அதிர்கிறது, பாறையில் விரிசல் விழுகிறது என்று அங்கே கடை வைத்திருப்பவர்கள் சொன்னார்கள்.

இந்தப் பயணத்தில் என்னை அதிகம் அலைக்கழித்த விஷயத்துக்கு இப்போதுதான் வருகிறேன். ஹஸ்தேவின் கரி எங்கே போகிறது? ரயிலேறி ராஜஸ்தானின் சாப்ரா, காலிசிந்த் அனல்மின் நிலையங்களுக்குப் போகிறது. இந்தியாவிலேயே சூரிய மின்சாரத்தில் முன்னணியில் நிற்கும் மாநிலம் ராஜஸ்தான். தார்ப் பாலைவனத்தில் பட்லா சூரியப் பூங்கா மட்டும் 2,245 மெகாவாட். வெயில் கொட்டிக் கிடக்கும் மாநிலத்துக்காக, வெயில் தரையில் படாத காட்டை வெட்டி, நாட்டின் குறுக்கே கரி ஏற்றிப் போகிறோம். சூரியன் மறைந்தபின் மின்சாரம் எங்கிருந்து வரும் என்று கேட்பவர்கள் நியாயமாகத்தான் கேட்கிறார்கள். சேமிப்புக்கலன்கள், நீரேற்று நிலையங்கள் என்று அதற்குப் பணமும் காலமும் வேண்டும். ஆனால் உடனடித் தேவை என்ற வாதமும் நிற்கவில்லை. 2023 ஜூலையில் சத்தீஸ்கர் அரசே உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது: இப்போது நடக்கும் சுரங்கத்தில் இன்னும் 35 கோடி டன் இருக்கிறது, அது ராஜஸ்தானின் அந்த நிலையங்களுக்குச் சுமார் இருபது ஆண்டுக்குப் போதும், புதிய தொகுதி எதையும் திறக்கத் தேவையில்லை.

அந்த இருபது ஆண்டு யாருக்கும் சும்மா கிடைக்காத அவகாசம். அதற்குள் சேமிப்பும் சூரியனும் காற்றும் எவ்வளவோ தூரம் வந்துவிடும். சத்தீஸ்கருக்கும் இது புதிதில்லை. கம்பி போய்ச்சேராத காட்டு ஊர்களுக்கு மாநிலத்தின் மரபுசாரா எரிசக்தி நிறுவனம் சூரிய மின்சாரம் கொண்டுபோய் வெகுகாலம் ஆகிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களின் கூரையில் தகடு பொருத்தினார்கள். 2017இல் வெளியான ஓர் ஆய்வு, அப்படிப் பொருத்திய நிலையங்களில் மாதந்தோறும் நடக்கும் பிரசவங்கள், மின்வெட்டில் தவிக்கும் மற்ற நிலையங்களைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று கண்டது. இரவில் விளக்கு எரியும் என்ற நம்பிக்கை இருந்தால் பெண்கள் அங்கே வருகிறார்கள். நான் போன ஊர் ஒன்றில் சூரிய மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பாசனக் குழாயிலிருந்து தக்காளிப் பாத்திக்குத் தண்ணீர் போனது. கரண்டு பில் இல்லை என்று தோட்டக்காரர் இரண்டு முறை சொன்னார்.

ஆனாலும் ஹரிஹர்பூர் பந்தலில் யாரும் சூரிய மின்சாரம் என்று முழங்கவில்லை. நான்தான் பேச்சைத் தொடங்கினேன். எங்கள் பக்கத்தில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல், கயத்தாறு என்று காற்றாலைகள் நிற்பதைச் சொன்னேன், கைப்பேசியில் படமும் காட்டினேன். கைக்குக் கை மாறிப் போயிற்று. கூட்டத்தின் ஓரத்திலிருந்த ஓர் இளம்பெண் கேட்டார்: "இதை நடும்போது உங்கள் கிராம சபையைக் கேட்டார்களா?"

கேட்டதாக எனக்கு நினைவில்லை. தரகர்கள் ஒவ்வொரு பட்டாதாரரிடமும் தனித்தனியாகப் பேசினார்கள். முதலில் விற்றவர் குறைந்த விலைக்கு விற்றார். அதைச் சொன்னேன். அந்தப் பெண் தலையாட்டினார்.

திரும்பி வந்தபின் அந்தக் கேள்வி வளர்ந்துகொண்டே போனது. ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் மாவட்டத்தில் ஓரன் என்று கோயில் காடுகள் உண்டு. ஆடுமாடு மேயும், வன்னி மரம் வெட்டப்படாது, கானமயில் பறந்து திரியும் நிலம். ஆவணத்தில் பல இடங்களில் அது தரிசு. சூரியப் பூங்காவும் உயரழுத்தக் கம்பிகளும் அந்தத் தரிசுக்கு வந்தபோது, மேய்ப்பர்கள் ஓரன்களைக் காக்க நடைப்பயணம் போனார்கள். கரிக்கு எதிராக ஒரு காட்டிலும், சூரியத் தகட்டுக்கு எதிராக ஒரு மேய்ச்சல் நிலத்திலும், மக்கள் கேட்பது ஒன்றுதான். தூய மின்சாரம் எனக்கு வேண்டும், மனதார வேண்டும். என் அம்மாவின் நெஞ்சில் பீடித்தூள் கட்டியதைப் பார்த்தவன் நான், கோர்பாவில் குழந்தைகள் மூச்சோடு எதை இழுக்கிறார்கள் என்று நினைத்தால் உடம்பு பதறுகிறது. ஆனால் கரிக்காரன் செய்ததையே சூரியக்காரனும் செய்தால் அந்த மின்சாரத்துக்கும் காட்பர்ராவின் பட்டாவைக் கிழித்த கைதான் இருக்கும். கூரைகள் இருக்கின்றன, கால்வாய்கள் இருக்கின்றன, தோண்டி முடித்துக் கைவிட்ட சுரங்க நிலமே ஏராளமாக இருக்கிறது. முதலில் அங்கே போகலாம்.

பயணம் முடிந்தபின் நடந்தவற்றைச் சொல்லாமல் விட முடியாது. நான் போவதற்கு முன்பே, 2022 ஜூலை 26ஆம் தேதி, சத்தீஸ்கர் சட்டமன்றம் ஹஸ்தேவின் எல்லா நிலக்கரித் தொகுதிகளையும் ரத்துசெய்யக் கோரி ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. நான் போனபோது பந்தலில் அதைப் பெருமையோடு சொன்னார்கள். ஆளுங்கட்சிகள் மீது அவர்களுக்குப் பெரிய நம்பிக்கை இருந்தது என்று சொல்ல மாட்டேன். 2015இல் ராகுல் காந்தி இந்தப் பகுதியின் மதன்பூர் கிராமத்துக்கு வந்து அவர்களோடு உட்கார்ந்து துணை நிற்பதாகச் சொன்னதும், அவருடைய கட்சி ஆண்ட இரண்டு மாநிலங்களின் பேச்சுவார்த்தையில் 2022 மார்ச், ஏப்ரலில் சுரங்கத்துக்கு அனுமதி கையெழுத்தானதும் அவர்களுக்கு ஞாபகம் இருந்தது. 2023 டிசம்பரில் ஆட்சி மாறியது. புதிய முதல்வர் பதவியேற்று ஒரு வாரம் கடந்த நிலையில், போலீஸ் பாதுகாப்போடு மரவெட்டு தொடங்கியது. இரண்டாம் கட்டத்துக்காக 91 ஹெக்டேர். அரசின் கணக்கில் 15,307 மரங்கள். ஊரார் இதைவிட அதிகம் என்கிறார்கள். வெட்டு தொடங்கும் முன்பே போராட்டக்காரர்களை வீட்டிலிருந்து கூட்டிப்போய் வைத்துக்கொண்டார்கள். 2024 அக்டோபரில் பர்சா தொகுதிக்கு மரம் வெட்டியபோது கிராமத்தாருக்கும் போலீசுக்கும் மோதல். இரு தரப்பிலும் காயம்.

அதே 2024இல் நல்ல செய்திகளும் வந்தன. போராட்டத்தை ஒருங்கிணைத்தவர்களில் ஒருவரான அலோக் சுக்லாவுக்குக் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. இருபத்தொரு தொகுதிகள் ஏலத்துக்கு வராமல் நின்றதற்காக அந்த விருது. அது பந்தலில் உட்கார்ந்து தொன்னை தைத்தவர்களின் பத்தாண்டு வேலை. லெம்ரு யானைக் காப்பகம் 1,995 சதுர கிலோமீட்டராக விரிந்ததிலும் அவர்கள் பங்கு இருக்கிறது. அந்த ஆண்டின் கடைசியில் மாநிலப் பழங்குடியினர் ஆணையம், பர்சா தொகுதிக்கான கிராம சபைச் சம்மதங்கள் போலி என்று கண்டது. 2018இலிருந்து ஊரார் சொல்லிவந்ததை ஓர் அரசு அமைப்பு ஒப்புக்கொள்ள இத்தனை வருஷம் பிடித்தது. அதற்குள் மரம் விழத் தொடங்கிவிட்டது.

அடுத்தது கெந்தே விரிவாக்கம். 1,700 ஹெக்டேருக்கு மேல், கிட்டத்தட்ட முழுவதும் காடு. 2024 ஆகஸ்டில் பொதுமக்கள் கருத்துக்கேட்பு நடந்தது; எதிர்ப்பு மனுக்கள் குவிந்தன. ராய்ப்பூர் நண்பர் அதற்குப் பின்னும் அந்தப் பக்கம் போய்வருகிறார். போனமுறை ஓர் ஊரில் கிராம சபை நடந்ததைப் பார்த்ததாகத் தொலைபேசியில் சொன்னார். தீர்மானம் எழுதி முடித்ததும் கடைசி வரிக்கு அடியில் அளவுகோல் வைத்துக் கோடு கிழித்தார்களாம். கோட்டை ஒட்டி, இடைவெளி விடாமல், எல்லோரும் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்களாம். ஒரு பெண் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொள்ள, நாலைந்து பேர் தங்கள் கைப்பேசியில் தனித்தனியாகப் படம் எடுத்துக்கொண்ட பிறகுதான் பதிவேட்டைச் செயலரிடம் கொடுத்தார்களாம்.